13 சட்டை போட்டவர் கோச் ஆனால்?

06.07.2024 – கேள்வி

தினேஷ் கார்த்திக் ஆர்சிபிக்கு பேட்டிங் கோச் ஆன செய்தி வந்ததிலிருந்து ஒரு சந்தேகம். அமெரிக்க பேஸ்பாலில் 13 அணிகளுக்கு ஆடிய மேட் ஸ்டேர்ஸ் என்று ஒருவர் இருந்தாராம், அவரும் பிறகு கோச் ஆனாராம். 13 அணி மாறினார் என்றால் 13 பேர் "நீ வேண்டாம்" என்று அனுப்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? யாரும் வைத்துக்கொள்ளாத ஆள் மற்றவர்களுக்கு என்ன சொல்லிக்கொடுப்பார்? பேஸ்பால் பார்க்கிறவர்கள் யாராவது விளக்குங்கள்.

06.07.2024, இரவு 10.50

கணக்கே தப்பு. 13 அணிக்கு ஆடியவரை 12 முறை அனுப்பியிருப்பார்கள், 13 முறை கூப்பிட்டிருப்பார்கள். வேண்டாம் என்றதை எண்ணுகிற நீங்கள் வா என்றதை ஏன் எண்ணவில்லை?

ஆளைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துக்காரர், 1968இல் பிறந்தவர். 5 அடி 9 அங்குலம், பருத்த உடம்பு, இடது கை பேட்டர். கண்ணாடி போட்டு கல்லாவில் உட்கார வைத்தால் எங்கள் தெரு மளிகைக் கடை அண்ணாச்சிதான். 1992இல் மான்ட்ரியல் எக்ஸ்போஸ் அணியில் தொடங்கி 2011இல் வாஷிங்டன் நேஷனல்ஸில் முடித்தார். இடையில் ஒரு வருடம் ஜப்பானில் சூனிச்சி டிராகன்ஸ். மொத்தம் 265 ஹோம் ரன், அதாவது நம் சிக்ஸர் மாதிரி வேலி தாண்டிப் போகிற அடி. அதில் 23, ஆட்டத்தின் நடுவில் இன்னொருவருக்குப் பதிலாக இறங்கி அடித்தவை. அதுதான் இன்றுவரை சாதனை.

இப்படி ஊர் ஊராகப் போகிற நாடோடி ஆட்டக்காரரை அங்கே ஜர்னிமேன் என்பார்கள். அது திட்டு அல்ல. முழுப் பாராட்டும் அல்ல.

07.07.2024, காலை 7.15

தூங்கி எழுந்ததும் இரண்டு திருத்தம்.

முதலாவது, நேற்றைய என் கெட்டிக்காரத்தனம் செல்லாது. கடைசி அணியும் 2011 சீசன் பாதியில் அவரை விடுவித்துவிட்டது. ஆக அழைப்பு 13, வழியனுப்பு 13.

இரண்டாவது, 13 என்பதே ஒரு வகையில் 12தான். மான்ட்ரியல் எக்ஸ்போஸ் 2005இல் அப்படியே வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்து நேஷனல்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 19 வருடம் சுற்றிவிட்டு, புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறார் மனுஷன். ஆனால் வீடு வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தது, வாசலில் பெயர்ப் பலகையும் வேறு.

எண்ணிக்கையில் அவர் முதலிடமும் இல்லை. பிட்ச்சர், அதாவது பந்து வீசுகிறவர், எட்வின் ஜாக்சன் 14 அணி.

07.07.2024, மாலை 6.30

"இன்னொருவருக்குப் பதிலாக இறங்கி என்றால் என்ன, இம்பாக்ட் பிளேயரா?" என்று கேட்டிருக்கிறார்கள். கிட்டத்தட்ட. ஆனால் கொடுமை அதிகம்.

பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்தால் அன்றைய ஆட்டத்துக்குத் திரும்ப உள்ளே வர முடியாது. அங்குள்ள இரண்டு பெரிய லீகில் ஒன்றான தேசிய லீகில் வெகுகாலம் பிட்ச்சரும் பேட் பிடிக்க வேண்டும் என்ற விதி இருந்தது. பிட்ச்சர்களில் முக்கால்வாசிப் பேர் நம் பதினோராவது ஆட்டக்காரர் மாதிரிதான் அடிப்பார்கள். அதனால் ஆட்டம் இறுகும் நேரத்தில் அவருக்குப் பதில் நல்ல அடிப்பாளர் ஒருவரை அனுப்புவார்கள். அவர்தான் பிஞ்ச் ஹிட்டர். இரண்டரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பு சில்லிட்டுக் கிடக்கும். திடீரென்று "போ" என்பார்கள். எதிரே நிற்பவன் அந்த அணியின் மிக வேகமான ஆள். பந்து கையை விட்டு உங்களிடம் வந்து சேர அரை விநாடிகூட ஆகாது. நாலைந்து பந்தில் முடிந்துவிடும். அடித்தாலும் விட்டாலும் திரும்ப பெஞ்சு, பெரும்பாலும் அடுத்த வாய்ப்பு நாளைக்கோ நாளை மறுநாளோ.

2022இல் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள், பிட்ச்சர் இப்போது எந்த லீகிலும் அடிக்க வேண்டியதில்லை. ஸ்டேர்ஸின் 23ஐ யாராவது தாண்டுவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலையே பாதிக்கு மேல் போய்விட்டது. அம்மி கொத்துகிறவர் வைத்த சாதனை மாதிரி.

09.07.2024, இரவு 11.20

எனக்கு ஏன் இந்த ஆள் மேல் இவ்வளவு பிரியம் என்று ஒருவர் கிண்டல் செய்திருக்கிறார். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

கோவையில் கல்லூரி அணியில் நான் மூன்று வருடம் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருடமும் அதேதான். தண்ணீர் கேனும் துண்டும் என் இலாகா. ஒரே ஒரு ஆட்டத்தில், எங்கள் கீப்பருக்கு விரல் பிசகியதால் எனக்கு பேட்டிங் கிடைத்தது. காலையிலிருந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கால் மரத்திருந்தது. பேட் கட்டும்போதே கை நடுங்கியது, வார் ஏறவில்லை. இரண்டாவது பந்து, ஸ்டம்ப். திரும்பி நடக்கும்போது கோச் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏன்டா உள்ளேயே நின்றாய்" என்று திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

2008 ஆகஸ்டில் பிலடெல்பியா புறநகருக்கு வேலைக்கு வந்தேன். அந்த மாதக் கடைசியில்தான் டொரோன்டோவிலிருந்து ஸ்டேர்ஸையும் இந்த ஊர் பில்லீஸ் அணி வாங்கியது. அப்போது அது எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என்ன. அக்டோபர் 13, திங்கள் இரவு. கூட வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டுக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனார். தேசிய லீக் இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸில் அந்த ஊர் டாட்ஜர்ஸோடு, இங்கே மணி நள்ளிரவை நெருங்குகிறது. எனக்கு விதி ஒன்றும் புரியவில்லை, சிப்ஸ் தின்றுகொண்டிருந்தேன். எட்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 5-3 முன்னிலை. பில்லீஸின் ஷேன் விக்டோரினோ ஒரு ஹோம் ரன் அடித்து, பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி வர வேண்டிய இடங்கள்) நின்றவரும் ஓடி வர, 5-5 ஆக்கினார். பிறகு ஒருவர் முதல் பேஸுக்குப் போனார். டாட்ஜர்ஸ் ஜோனதன் பிராக்ஸ்டனைக் கொண்டுவந்தார்கள். ராட்சத உருவம், பயங்கர வேகம். எதிரே இந்த அண்ணாச்சி வந்து நிற்கிறார்.

மூன்று பந்து வெளியே, ஒன்று ஸ்டிரைக், அதாவது பேட்டருக்கு எதிரான கணக்கு. இன்னொன்று வெளியே போனால் ஓசியில் முதல் பேஸ். பிட்ச்சர் இனி நேராகப் போட்டே ஆக வேண்டும். போட்டார். சத்தம் டிவியிலேயே வேறு மாதிரி கேட்டது. வலது பக்கக் கேலரியின் உள்ளே எங்கேயோ போய் விழுந்தது. 7-5. நண்பர் எழுந்து நின்று சுவரைக் குத்தினார், அவர் மனைவி மாடியிலிருந்து கத்தினார். நான் மட்டும், "இவ்வளவு நேரம் இவர் எங்கே இருந்தார்?" என்று கேட்டேன். "உள்ளே உட்கார்ந்திருந்தார்" என்றார் நண்பர்.

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். அந்த வருடம் பில்லீஸ் கோப்பையும் வாங்கியது, 1980க்குப் பிறகு முதல் முறை.

10.07.2024, மதியம் 1.05

கார்த்திக்கை மறந்துவிட்டீர்களே என்கிறார்கள். மறக்கவில்லை. 2018 மார்ச், கொழும்பு, நிதாஹாஸ் கோப்பை இறுதி. 12 பந்தில் 34 தேவை என்ற இடத்தில் இறங்கினார். 8 பந்தில் 29, கடைசிப் பந்தில் சிக்ஸர். ஐபிஎல்லில் ஆறு அணி வேறு. ஒப்பிட நல்ல ஆள்தான். ஆனால் இதை எழுதும் 2024 ஜூலையில் அவர் கோச்சாக ஒரு சீசன்கூடப் போகவில்லை, அதற்குள் என்ன பேசுவது. ஸ்டேர்ஸுக்கு வருவோம்.

10.07.2024, இரவு 9.40

"நாடோடி ஆட்டக்காரர்" என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஜர்னிமேன் என்றதும் பயணம் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சொல்லின் வேர் பிரெஞ்சில் ஒரு நாள் வேலையைக் குறிக்கும் சொல். தொழிலை முழுக்கக் கற்றவர், ஆனால் சொந்தப் பட்டறை வைக்காமல் நாள் கூலிக்குப் போகிறவர். நம் ஊர்ச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: அத்தக்கூலி. கோடிக்கணக்கான டாலர் சம்பாதித்தவரை அத்தக்கூலி என்றால் சிரிப்பீர்கள். ஆனால் அதில் முக்கியமான பாதி "தொழிலை முழுக்கக் கற்றவர்" என்பதுதான். அதைத்தான் கேள்வி கேட்டவர் விட்டுவிட்டார்.

அங்கே நாளைத்தான் எண்ணவும் எண்ணுகிறார்கள். பெரிய லீகில் 172 நாள் ஒரு வருடப் பணிக்காலம். 43 நாள் இருந்தால் ஓய்வூதியத்தில் ஒரு பங்கு உண்டு, 10 வருடம் முடித்தால் முழுசு. பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் நாள் நாள்தான்.

12.07.2024, காலை 6.50

2006ஐச் சொல்ல மறந்தேன். அந்த ஒரு வருடத்தில் மூன்று சட்டை. கேன்சஸ் சிட்டி ராயல்ஸ், அங்கிருந்து ஜூலைக் கடைசியில் டெக்சஸ் ரேஞ்சர்ஸ், செப்டம்பர் நடுவில் டெட்ராய்ட் டைகர்ஸ். டைகர்ஸ் அந்த வருடம் கோப்பையைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்கே போனது. ஆனால் ஆகஸ்ட் 31க்குப் பிறகு அணியில் சேர்ந்தவர் பிளேஆஃபில் ஆட முடியாது என்று விதி. கல்யாண வீட்டில் வேலை செய்தவனுக்குப் பந்தியில் இலை இல்லை. அதற்கு இரண்டு வருடம் கழித்து ஆகஸ்ட் 30 அன்று, கெடுவுக்கு ஒரே நாள் முன்பு பில்லீஸ் அவரை வாங்கியது. அன்று வாங்காமல் செப்டம்பரில் வாங்கியிருந்தால் அக்டோபர் 13 இல்லை.

13.07.2024, இரவு 10.10

சரி, கோச் விஷயம். இதைத்தான் கேட்டார், நான் ஒரு வாரமாகச் சுற்றி வளைக்கிறேன்.

என் முதல் எண்ணம் இது: சுமாராக ஆடியவன்தான் நல்ல பயிற்சியாளர் ஆவான். உடம்பில் வராததை யோசித்து யோசித்துக் கற்றவன் அவன், அதனால் சொல்லத் தெரியும். உதாரணமும் கைவசம். டாம்பா பே ரேஸ் அணியின் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) கெவின் கேஷ், ஆடிய காலத்தில் பேட்டிங் சராசரி .183, அதாவது ஆயிரம் முயற்சியில் 183 தடவைதான் உருப்படியான அடி. அந்த எண்ணை வைத்துக்கொண்டு தெரு அணியில்கூட இடம் கேட்க முடியாது. ஆனால் 2020, 2021 இரண்டு வருடமும் அமெரிக்கன் லீகின் சிறந்த மேனேஜர். புரூஸ் போச்சி, மாற்று கேட்ச்சராகவே (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) ஒன்பது சீசன் ஓட்டியவர், 26 ஹோம் ரன். மேனேஜராக நான்கு உலகத் தொடர்: 2010, 2012, 2014 சான் பிரான்சிஸ்கோவில், 2023 டெக்சஸில். பெஞ்சில் மேனேஜர் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் படிப்புதான்.

13.07.2024, இரவு 11.55

மேலே எழுதியதை நானே உடைக்கிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

டெட் வில்லியம்ஸ். 1941இல் .406 அடித்தவர், அதற்குப் பிறகு ஒரு சீசனில் .400ஐத் தொட்டவர் இரண்டு பெரிய லீகிலும் கிடையாது. 1969இல் வாஷிங்டன் செனட்டர்ஸுக்கு மேனேஜர் ஆனார். முந்தைய வருடம் 65 வெற்றி பெற்ற அணி 86க்கு ஏறியது. மகா திறமைசாலிக்குச் சொல்லித்தர வராது என்ற பேச்சு அங்கேயே அடிபடுகிறது. அப்புறம் வருடா வருடம் இறங்கி, அணி டெக்சஸுக்கு மாறிய 1972இல் 100 தோல்வி. அதே மனிதர்தான், அதே மூளைதான்.

இன்னொன்று, ஸ்டேர்ஸ் சுமார் ஆட்டக்காரரும் அல்ல. 1999இல் ஓக்லாந்துக்கு 38 ஹோம் ரன் அடித்தவர். கேஷோடு அவரைச் சேர்த்தது என் தப்பு. அவரை நான் என்னோடு சேர்த்துப் பார்த்துவிட்டேன், வேப்பமரத்தடி ஞாபகம்.

15.07.2024, இரவு 9.30

கோச்சாக அவர் என்ன ஆனார்?

ஆடிய காலத்திலேயே குளிர்காலத்தில் மெய்ன் மாநிலம் பாங்கரில் ஒரு பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். கனடாக்காரர், கேட்கவா வேண்டும். ஓய்வுக்குப் பிறகு 2014 முதல் மூன்று வருடம் பில்லீஸ் டிவி வர்ணனை. 2017இல் அதே அணிக்கு ஹிட்டிங் கோச். அணி 66 வெற்றி, 96 தோல்வி. மேனேஜர் மாறினார், இவரும் போனார். 2018இல் சான் டியேகோ பேட்ரஸுக்கு ஹிட்டிங் கோச். அங்கே எவ்வளவு என்கிறீர்கள்? 66 வெற்றி, 96 தோல்வி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, அட்சரம் பிசகாமல் அதே எண். சீசன் முடிந்ததும் அங்கேயும் வழியனுப்பு.

ஆக கோச்சாகவும் அத்தக்கூலிதான். கேள்வி கேட்டவர் இப்போது "நான் சொன்னேனே" என்பார். பொறுங்கள்.

பில்லீஸ் அந்த வருடம் தோற்றதற்கு ஹிட்டிங் கோச்தான் காரணமா? அந்த ஆகஸ்டில் ரைஸ் ஹாஸ்கின்ஸ் என்ற புதுப் பையன் வந்து 50 ஆட்டத்தில் 18 ஹோம் ரன் அடித்தான். அதற்கு மட்டும் கோச் காரணமா? இரண்டுக்கும் ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். சான் டியேகோவில் எரிக் ஹாஸ்மருக்கு 8 வருடத்துக்கு 14.4 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள். பந்தைத் தரையோடு தரையாக அடிப்பது அவர் பழக்கம். ஸ்டேர்ஸோ ஆயுசு முழுக்க பந்தை ஆகாசத்துக்கு அனுப்பியவர். ஹாஸ்மர் அந்த வருடம் .253, 18 ஹோம் ரன்னோடு நின்றார். 28 வயதுக்காரருக்கு, அதுவும் எட்டு வருடச் சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவருக்கு, மணிக்கட்டை மாற்று என்று ஒரு கோச் எத்தனை தடவை சொல்ல முடியும்? என் மாமனாரை உப்பைக் குறைக்கச் சொல்லி எட்டு வருடமாகிறது.

16.07.2024, காலை 7.40

நேற்று எழுதியதில் அவருக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்கிறார் ஒருவர். கொஞ்சம் உண்மை. பிடித்த ஆளுக்கு மட்டும் புள்ளிவிவரம் செல்லாது என்பது எல்லா ரசிகனுக்கும் உள்ள வியாதி.

நேரடியாகவே சொல்கிறேன். எனக்குத் தோன்றுவது, அவரிடம் இருந்த பெரிய வித்தை ஹோம் ரன் அல்ல, காத்திருப்பது. அதைச் சொல்லிக்கொடுப்பதுதான் கஷ்டம். தினமும் ஆடுகிற 22 வயதுப் பையனுக்கு அது தேவையும் இல்லை. அவன் பந்து வரும் பாதையைக் கேட்பான், இவர் பெஞ்சில் மூன்றாவது மணி நேரம் எப்படி இருக்கும் என்று அறிந்தவர்.

20.07.2024, இரவு 11.05

இதோடு நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன், இன்று ஒன்று நடந்தது.

பையனுக்கு 11 வயது. ஊர்க் கோடை லீகில் ஆடுகிறான். ஆடுகிறான் என்றால், பெரும்பாலும் பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறிக்கிறான். அது பரம்பரை. இன்று கடைசி இன்னிங்ஸில் அனுப்பினார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான். எதிர் அணிப் பையன் மீசை முளைத்தவன் மாதிரி இருந்தான், பந்து எங்கெங்கோ போகிறது. என் பையன் பேட்டைத் தோளிலிருந்து எடுக்கவே இல்லை. நான்கும் வெளியே, நடந்து முதல் பேஸுக்குப் போனான். அடுத்தவன் அவுட், ஆட்டம் முடிந்தது. காரில் ஏறியதும் அழுகை. "ஒரு தடவைகூட வீசலையேப்பா."

அவனுக்கு 2009ஐச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லவில்லை அல்லவா. 2008க்கு அடுத்த வருடம், அக்டோபர் 19, அதே டாட்ஜர்ஸ், அதே தொடரின் அதே நான்காவது ஆட்டம், இந்த முறை பிலடெல்பியாவில். ஒன்பதாவது இன்னிங்ஸ், டாட்ஜர்ஸ் 4-3 முன்னிலை, ஒருவர் அவுட். பந்து பிராக்ஸ்டன் கையில். பெஞ்சிலிருந்து எழுந்து வருகிறார் ஸ்டேர்ஸ். அந்த வருடம் அவர் சராசரி .194 மட்டும்தான். ஆனால் பிராக்ஸ்டனுக்கு ஞாபகம் இருக்கிறதே, அரங்கத்தில் உள்ளவர்களுக்கும் ஞாபகம் இருக்கிறது, விடாமல் கத்துகிறார்கள். நான்கு பந்து போட்டார், நான்கும் வெளியே. ஸ்டேர்ஸ் பேட்டைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்கு நடந்தார். அடுத்தவர் மேல் பந்து பட்டது, அவரும் பேஸில். இன்னொரு அவுட். ஜிம்மி ரோலின்ஸ் இரண்டு ஃபீல்டருக்கு நடுவே விளாசினார், இருவரும் ஓடி வந்தார்கள், 5-4.

என்னைக் கேட்டால் ஆகாசத்துக்குப் போன பந்தைவிட இதுதான் பெரிசு. பேட்டே அசையவில்லை.

பையன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "அப்போ அவர்தான் ஓடி வந்து ரன் எடுத்தாரா?"

இல்லைடா, அவருக்கு வேகம் போதாது. முதல் பேஸுக்குப் போனதுமே அவரை வெளியே எடுத்துவிட்டு வேறு ஒருவரை ஓட விட்டார்கள் என்றேன்.

"அப்போ அந்த ரன்?"

"ஓடினவர் கணக்கில்."

"அவர்?"

"பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்."

கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தான். பிறகு விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.